எண்பதில் வரும் சத்தம்

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது பட்டறையின் உரிமப் பத்திரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தூசி படிந்து கிடந்தது. ஊருக்கு அவர் காதுக்காரர். முப்பத்தைந்து வருடங்களாக வண்டிகளின் வயிற்றுவலியைக் காதாலேயே கண்டுபிடித்துச் சம்பாதித்த பட்டம் அது.

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், “மூணாவது சிலிண்டர் தூங்குது” என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவதுதான் தூங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை வங்கி வரிசையில் நின்றிருந்தபோது, வெளியே காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், “சார், உங்க ஃபேன் பெல்ட்டுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் ஆயுசு” என்றார். அந்த மனிதர் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் அதே காரைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார். அப்புறம் அவர் பெல்ட் மாற்றுவதற்கு மட்டுமல்ல, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட இவரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்.

ஐம்பத்தேழாவது வயதில் அந்தக் காது காலை வாரியது.

திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. கனத்த சத்தங்களெல்லாம் அப்படியே இருந்தன. லாரி, மழை, சுத்தியல், மனைவி கோபத்தில் சாத்தும் கதவு, எல்லாம் கேட்டன. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக, சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டின. முதலில் கைக்கடிகாரம். பிறகு குக்கர் விசில். அப்புறம் வால்வுகளின் ‘டிக் டிக்’. பட்டறையில் நாளெல்லாம் இரும்பை இரும்பால் அடித்தால் காது எத்தனை வருடம்தான் தாங்கும்?

ஆனால் காதுக்காரருக்குக் காது போய்விட்டது என்று ஊரில் தெரிந்தால் என்ன மிச்சம்? ஆகவே அவர் ஒரு வழி செய்துகொண்டார். வண்டி வந்ததும் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். அதிர்வை விரல்களால் படிப்பார். அப்புறம் வாடிக்கையாளரைப் பார்த்து, “எந்த மாதிரி சத்தம்? நீங்களே உங்க வாயால சொல்லுங்க” என்பார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எந்த மெக்கானிக் நம்மை இப்படி மதித்துக் கேட்கிறான்? ஒரு வழக்கறிஞர் தன் காரின் சத்தத்தைப் பத்து நிமிடம் வாயாலேயே வாசித்துக் காட்டினார். காதுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். கை சொன்னது பாதி, வாடிக்கையாளர் சொன்னது பாதி. இரண்டு வருடம் வண்டி ஓடிவிட்டது.

அப்போதுதான் முட்டைக்காரம்மா வந்தார்.

ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டரில் உள்ள பண்ணையிலிருந்து முட்டை ஏற்றிவந்து கடைகளுக்குப் போடுபவர் அவர். பிக்கப் வண்டியைத் தானே ஓட்டுவார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே பேச்சு இறங்கிவிடும்.

“அண்ணே! இந்த வண்டி என்னைப் பைத்தியமாக்காம விடாது போலிருக்கு. அறுபதுல போனா குழந்தை மாதிரி வருது. எண்பதைத் தொட்டா போச்சு, குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குது. கூடவே உள்ள யாரோ தட்டுறாங்க.”

“யாரோன்னா?”

“எனக்கென்ன தெரியும்? ‘நான் உள்ள மாட்டிக்கிட்டேன், திறங்க’ன்னு தட்டுற மாதிரி இருக்கு.”

அதற்குள் மூன்று பட்டறை பார்த்தாகிவிட்டது. முதலாமவர் நான்கு சக்கரங்களையும் சமன் செய்து அனுப்பினார். இரண்டாமவர் பிளக்குகளை மாற்றினார். மூன்றாவது இடம் புதுசு; கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சீருடை. அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து செருகுவதற்கு வண்டியில் இடம் தேடினார். வண்டி பழசு, அப்படி ஓர் இடமே அதில் கிடையாது. அரை மணி நேரம் தேடிவிட்டு, “கோளாறு எதுவும் காட்டலை மேடம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முட்டைக்காரம்மா பின்பக்கத்திலிருந்து ஓர் அட்டையைத் தூக்கி வந்து காட்டினார். “பாருங்க அண்ணே. ஓரத்துல இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு. நடுவுல இருக்கற அடுக்கு மட்டும் விரிசல். தினமும் இதே கதை.”

காதுக்காரர் முட்டைகளைப் பார்த்தார். வண்டியின் கீழே குனிந்து பார்த்தார். திரும்பவும் முட்டைகளைப் பார்த்தார். இப்படி ஒரு சாட்சி தன் தொழில் வாழ்க்கையில் கிடைத்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. “வண்டிய எடுங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்” என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் முட்டைக்காரம்மா பேசிக்கொண்டே வேகத்தைக் கூட்டினார். எழுபது வரை தன் கணவரின் தம்பியைத் திட்டினார். கொழுந்தன் என்றால் அவருக்கு அப்படி ஓர் எரிச்சல்; முட்டைக் கிடங்கின் சாவிக்கொத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன்தான் எடுத்து ஒளித்தான் என்பது அவர் கட்சி. எழுபத்தைந்தில் அவன் மனைவியையும் சேர்த்துக்கொண்டார். எண்பதில் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பியது.

“ஆங்! கேக்குதா? கேக்குதா அண்ணே?”

காதுக்காரர் ஒரு கையை ஸ்டியரிங் தண்டில் வைத்தார். அங்கே அமைதி. முன்சக்கரக் கோளாறாக இருந்தால் ஸ்டியரிங் ஆடும். மறு கையைச் சீட்டின் அடியில், தரையில் வைத்தார். அங்கேதான் கூத்து நடந்தது.

“நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க.”

“ஓடும்போதா?”

“ஆமா. சும்மா உருளட்டும்.”

இன்ஜின் அடங்கியது. வண்டி எண்பதில் தானாக உருண்டது. நடுக்கம் கொஞ்சமும் குறையவில்லை. காதுக்காரரின் முகம் மலர்ந்தது. இன்ஜினை விடுவித்த பிறகும் நடுக்கம் இருக்கிறதென்றால் குற்றவாளி இன்ஜின் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட் வண்டியின் நட்டநடுவில், சரியாக அந்த நடு அடுக்கு முட்டைகளுக்குக் கீழேதான் ஓடுகிறது.

“பிடிச்சாச்சு” என்றார்.

“அந்தத் தட்டுற சத்தமும் அதுதானா?”

அவருக்கு எந்தத் தட்டலும் கேட்கவில்லை. “அதுவும் அதுதான்” என்றார்.

இதுதான் முதல் பொய். சொல்லும்போது ஒன்றும் கனமாக இல்லை.

பட்டறைக்கு வந்து வண்டியின் அடியில் படுத்தார். ஷாஃப்ட்டைப் பிடித்து அசைத்ததும் அது விழப்போகும் பல் மாதிரி ஆடியது. மூட்டில் இருக்கும் கூட்டல்குறி வடிவ இரும்பு, கிராஸ் என்பார்கள், உள்ளே துருப்பொடியாகிக் கிடந்தது. மறுநாள் மாலைக்குள் புதுசு போட்டு, கிரீஸ் அடித்து, வண்டியைக் கொடுத்துவிட்டார். “இனிமே எண்பதுல போகும்போது முட்டையை நிக்க வைக்கலாம்” என்று வேறு சொன்னார்.

நான்காம் நாள் முட்டைக்காரம்மா திரும்பி வந்தார்.

“அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். நடுக்கம் சுத்தமா போச்சு. ஒரு முட்டை உடையல.”

காதுக்காரர் அடக்கமாகச் சிரித்தார்.

“ஆனா தட்டல் இருக்கு. நடுக்கம் போனதுல இப்ப இன்னும் நல்லா கேக்குது.”

சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடியும் நெடுஞ்சாலை. மறுபடியும் எண்பது. சீட்டில், தரையில், கதவில், எங்கே கை வைத்தாலும் நிம்மதி. காற்றின் இரைச்சல் கேட்டது. முட்டைக்காரம்மாவின் குரல் கேட்டது. வேறொன்றும் இல்லை.

“இப்பகூட கேக்குது பாருங்க. இதோ. இதோ! மேடு ஏறும்போது இன்னும் ஜாஸ்தி. கேக்கலையா?”

“கேக்குது, கேக்குது” என்றார் அவர். “இது சாதாரண சத்தம்தான். வண்டின்னா கொஞ்சம் பேசத்தான் செய்யும்.”

முட்டைக்காரம்மா வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தினார். முகத்தைத் திருப்பி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். “அண்ணே, மூணு பட்டறைக்காரனும் எனக்கு இதையேதான் சொன்னான். நீங்க சொல்ல மாட்டீங்கன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?”

அந்தக் கேள்வி அவருக்கு மிக நன்றாகக் கேட்டது.

“நாலஞ்சு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க” என்றார். “பாக்கறேன்.”

அன்று மாலை வீட்டில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்த மனைவி படியிலிருந்து குரல் கொடுத்தார். “அடுப்புல பால் பொங்குது, பாருங்க!”

“யாரு ஆள் தங்குறது?” என்றார் காதுக்காரர். “எத்தனை நாளைக்கு?”

பால் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்து, மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது.

மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும்; செல்லமாக இருக்கும்போது அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்தெட்டு வருடங்களாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே, திரும்பாமல், “ஜன்னல் பக்கம், கடைசிக்கு முந்தின பெஞ்ச், பென்சில் டப்பாவை மூடு” என்று சொல்லிவரும் பெண்மணி. கணவரின் காது போன விஷயம் அவருக்கு ஒரு வருடமாகவே தெரியும். ஆனால் பேரிலேயே காது வைத்திருக்கும் மனிதரிடம் அதை எப்படி எடுத்துச் சொல்வது? தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, வீட்டிலும் வகுப்பறைக் குரலிலேயே பேசப் பழகிக்கொண்டார். வீட்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதில் பள்ளிக்கூடத்தில் குரல் இறங்கிவிட்டது. இந்த வருடம் டீச்சர் ரொம்ப சாந்தமாகிவிட்டார் என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டுகூடக் கிடைத்தது.

டீச்சர் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது காதுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“ஞாயித்துக்கிழமை காலைல உனக்கு வேலை இருக்கா? சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?”

டீச்சரின் துணி தரையிலேயே நின்றது. இருவரும் கடைசியாகச் சேர்ந்து வெளியே போனது சமையலறைக்குக் குழாய் வாங்க. அதுவும் அளவு சரியாக இல்லை என்று பாதியில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பியது.

“எங்க?” என்றார்.

“நெடுஞ்சாலைப் பக்கம்.”

நெடுஞ்சாலைப் பக்கம் நீர்த்தேக்கம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது. டீச்சர் பால் கொட்டியதை மன்னித்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டீச்சர் நல்ல செருப்பும், கைப்பையும், கறுப்புக் கண்ணாடியும், தேநீர் நிரம்பிய பிளாஸ்க்குமாக வாசலுக்கு வந்தார். வாசலில் பிக்கப் நின்றது. பக்கவாட்டில் பெரிய முட்டைப் படம்.

“நம்ம கார் என்னாச்சு?”

“இதுல போனா உயரமா உக்காந்து நல்லா பாத்துட்டுப் போகலாம்.”

டீச்சர் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஏறினார். வண்டிக்குள் கோழி வாசம் அடித்தது. நெடுஞ்சாலையில் ஏறினார்கள். நீர்த்தேக்கத்துக்குத் திரும்பும் சாலை வந்தது. போனது.

“ஏங்க, திரும்பாம விட்டுட்டீங்க.”

“ஒரு நிமிஷம் பேசாம இரேன்” என்றார் காதுக்காரர், வேகமானியைப் பார்த்தபடி. “எண்பது வரட்டும்.”

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கணவரைப் பார்த்தார். வேகமானியைப் பார்த்தார். “எதுக்கு எண்பது?”

கணவரின் காது மடல் சிவந்திருந்தது.

“எனக்கு...” என்றார் காதுக்காரர். “இதுல ஒரு சத்தம் வருதாம். எனக்கு அது பிடிபடல.”

“என்ன சத்தம்?”

“அதைத்தான் நீ சொல்லணும்.”

முப்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவர் சொன்ன மிகப் பெரிய வாக்குமூலம் அது. சாலையோரத்து மைல்கற்கள் இரண்டு பின்னால் போயின. டீச்சர் பிளாஸ்க்கை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். திட்டு வாங்கத் தயாராகக் காதுக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

டீச்சர் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினார். “எண்பதுலயே போங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க. வாயைத் திறக்காதீங்க” என்றார், வகுப்பறைக் குரலில்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தலை லேசாகச் சாய்ந்தது. ஒரு கிலோமீட்டர் கழிந்தது.

“இப்ப ஆக்ஸிலரேட்டரை விடுங்க.”

விட்டார்.

“மிதிங்க.”

மிதித்தார்.

“அந்த மேட்டுல ஏறுங்க. கியரை மாத்தாதீங்க.” மேடு ஏறி இறங்கும் வரை காத்திருந்துவிட்டு டீச்சர் கண்ணைத் திறந்தார். “ரெண்டு பேர் இருக்காங்க.”

“என்னது?”

“சத்தம் போடுறது ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. எல்லாரும் ஒருத்தன்னு நெனச்சு தேடியிருக்கீங்க, அதான் கிடைக்கல. ஒருத்தன் முன்னாடி இன்ஜினுக்குள்ள. தகர டப்பாவுல கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குற மாதிரி. நீங்க மிதிச்சா ஆரம்பிக்கறான், காலை எடுத்தா கப்புன்னு நிறுத்திடறான். மேட்டுல வேலை ஜாஸ்தி கொடுத்தா ரொம்பக் கத்தறான். வேலை வாங்கினா முணுமுணுக்கற ஜாதி.”

காதுக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. தகர டப்பாவில் கோலிக்குண்டு! அந்தச் சத்தத்தை அவர் ஆயிரம் வண்டிகளில் கேட்டிருக்கிறார். பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே, எரியக்கூடாத இடத்தில் பற்றிக்கொள்ளும்போது வரும் தட்டல். இப்போது காதில் கேட்காவிட்டால் என்ன, நினைவில் கணீரென்று கேட்டது.

“ரெண்டாவது ஆளு?”

“அவன் இங்கயே இருக்கான்” என்று டீச்சர் தன் முழங்கைக்குப் பக்கத்தில் கதவைத் தட்டிக் காட்டினார். “அவனுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்ல. ரோடு கொஞ்சம் குதிச்சா ‘கிளிங்’னு ஒரு குரல். கூட்டத்தோட கூட்டமா கத்திட்டு நல்ல பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான்.”

காதுக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். கதவின் உள்பலகையைக் கழற்றி, கையை விட்டுத் துழாவினார். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக எப்போதோ உள்ளே விழுந்திருந்த ஏழு சாவிகள் கொண்ட கொத்து ஒன்று கையில் வந்தது. துருவேறியிருந்தது. வளையத்தில் பிளாஸ்டிக் கோழி ஒன்று தொங்கியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். எழுபதைத் தொடும் முன் கேட்ட கொழுந்தன் கதை காதுக்காரருக்கு ஞாபகம் வந்தது. “ஐயையோ” என்றார்.

திரும்பும் வழியில் வண்டி தானாகவே நீர்த்தேக்கச் சாலையில் திரும்பியது. கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

“எப்பலேருந்து?” என்று டீச்சர் சாதாரணக் குரலில் கேட்டார்.

“ஆமா, நல்ல காத்து” என்றார் காதுக்காரர்.

டீச்சர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. என்ன கேட்டார் என்பது தெரிந்ததும் அவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு வருடக் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். “சரி. முதல்ல வண்டி. அடுத்தது நீங்க” என்று முடித்துவிட்டார் டீச்சர்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காதுக்காரர் இன்ஜினோடு இருந்தார். மேல்மூடியைக் கழற்றியதும் எல்லாம் விளங்கியது. உள்ளே எரியறை முழுவதும் கரி, அடுப்பில் தீய்ந்துபோன சட்டியின் அடி மாதிரி. முட்டை உடையுமே என்ற பயத்தில் முட்டைக்காரம்மா ஊருக்குள் மெதுவாக, ஆனால் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று பெரிய கியரிலேயே, வண்டியைத் திணறத் திணற ஓட்டியிருக்கிறார். திணறத் திணறக் கரி சேர்ந்தது. சேர்ந்த கரி கனன்று பெட்ரோலை அவசரப்பட்டுப் பற்ற வைத்தது. போதாததற்கு, பிளக் மாற்றிய புண்ணியவான் தீப்பொறி விழும் நேரத்தையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். காதுக்காரர் கரியைச் சுரண்டி, மூடியை மாட்டி, நேரத்தைச் சரிசெய்தார்.

புதன்கிழமை மாலை, பள்ளி விட்டதும் டீச்சர் நேராகப் பட்டறைக்கு வந்தார். முட்டைக்காரம்மா ஓட்ட, நடுவில் டீச்சர், ஓரத்தில் காதுக்காரர். எண்பதில் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மேடு வந்தது. ஏறியது. இறங்கியது.

“இல்ல!” என்று கத்தினார் முட்டைக்காரம்மா. “போயிடுச்சு! அண்ணே, உங்க காதுக்குத் தங்கத்துல கடுக்கன் போடணும்!”

டீச்சர் நேரே சாலையைப் பார்த்தார். கணவர் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் போகட்டும் என்ற பார்வை.

காதுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கரி. “என் காது இல்லம்மா” என்றார். “எனக்கு இந்த மாதிரி சத்தமெல்லாம் இப்ப கேக்கறதில்ல. அன்னைக்கு உங்ககிட்ட கேக்குதுன்னு சொன்னது பொய். கண்டுபிடிச்சது இவங்க.”

முட்டைக்காரம்மா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். “டீச்சரம்மாவா? அடடே! அதுக்கென்ன அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது ஒண்ணாவது கேட்டிருக்காரா?”

“உங்களுக்கு இவரோட காதைப் பத்தி முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார் டீச்சர். “அதான் இவ்வளவு சத்தமா பேசுறீங்களா?”

“இல்லையே” என்றார் முட்டைக்காரம்மா திகைத்து. “நான் சத்தமாவா பேசுறேன்?”

காதுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். “இன்னொரு சத்தம் இதுதான். கதவுக்குள்ள கிடந்தது.”

வண்டி ஓரமாக நின்றது. முட்டைக்காரம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிளாஸ்டிக் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு வருடமாக அவரிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கொழுந்தன், பேச்சுவார்த்தை முறிந்து, அவர் வீட்டுக்கு எதிர்த் தெருவில் தனியாகக் காய்கறிக் கடை வைத்திருந்தான்.

“அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்றார் கடைசியில், மெல்ல. அவர் மெல்லப் பேசினால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. காதுக்காரருக்கு மட்டும் தெரியவில்லை. டீச்சர் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

“சாவி கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“எங்கன்னு கேப்பானே?”

“என் வண்டிலன்னு சொல்லுங்க. வேற என்ன சொல்ல முடியும்?”

இரண்டு அட்டை முட்டையோடு அவர் எதிர்த் தெருவுக்குப் போனதை ஊரே பார்த்தது. கொழுந்தன் முட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, சாவியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்து, “கோழியாவது நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்டானாம். அடுத்த வாரம் பிக்கப்பின் பின்பக்கம் முட்டையும் முன்பக்கம் இரண்டு கூடை தக்காளியும் ஏறின.

சொன்னபடி டீச்சர் கணவரைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் மாட்டும் கருவியைக் கொடுத்து, “சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அழுத்துங்க ஐயா” என்றாள் பரிசோதிக்கும் பெண். காதுக்காரர் பரீட்சையில் தோற்று அறியாதவர். சீரான இடைவெளியில், நல்ல தாளத்தோடு அழுத்தினார்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்தாள். “ஐயா, நான் இன்னும் மெஷினை ஆன் பண்ணவே இல்ல.”

வெளியே கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து நாளில் இரண்டு காதுக்கும் கருவி வந்தது, கடலை அளவில். மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தன் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பையைப் பிரித்தால் காடு பற்றி எரிவதுபோல் இருந்தது. செய்தித்தாளைப் புரட்டவே பயமாக இருந்தது. “உலகம் முழுக்க எண்ணெய் போடாம விட்டிருக்கீங்களேய்யா” என்று வீட்டில் வந்து புலம்பினார். டீச்சர் பதில் சொன்னார், ரகசியம் பேசும் குரலில். அது கேட்டது. அவர் புலம்பலை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலை கருவியோடு பட்டறையைத் திறந்தார். விளக்கைப் போட்டார். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓட விட்டார். அடுத்த நொடி துள்ளி விலகினார். அது காதைத் துளைக்கும் கூர்மையில் டகடகடகவென்று, உள்ளே யாரோ உளி வைத்துச் செதுக்குவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. தட்டு வால்வு முறிந்து பல நாளாகியிருக்க வேண்டும். கையை வைத்து ஒருபோதும் பார்க்காத ஒரே இயந்திரம், அவருடைய சொந்த இயந்திரம்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். காதுக்காரர் அவரிடம் போனார். “இது எத்தனை நாளா இப்படிக் கத்துது?”

தையல்காரர் தயங்கினார். “ஒரு ஒன்றரை வருஷம் இருக்கும்ணே.”

“ஒன்றரை வருஷமா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“உங்ககிட்ட போய் எப்படிண்ணே?” என்றார் தையல்காரர். “நீங்க காதுக்காரராச்சே. ஏதோ காரணமாத்தான் அப்படி விட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். நான் பஞ்சு வச்சுக்கிட்டேன்.”

காதுக்காரர் உள்ளே வந்தார். கருவிகளைக் கழற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். ‘வேலை நடக்கிறது’ என்ற பலகையை வாசலில் மாட்டிவிட்டு, கம்ப்ரஸரின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் நட்டைத் திருகினார்.